கல்லீரல் நோயாளிங்க சங்கத்து ஆண்டறிக்கை: இந்த வருஷம் பூரா கீழ விழற பேச்சுதானுங்க

தலைவருக்கும் மெம்பருங்களுக்கும் கூட வந்திருக்கற ஊட்டுக்காரங்களுக்கும் வணக்கமுங்க. ஹெபடைட்டிஸ் பி ஊசி முகாம், ஜூலை 28 உலக ஹெபடைட்டிஸ் தினத்துக்கு சந்தைல நோட்டீஸ் குடுத்தது எல்லாம் எப்பயும் போல நடந்துச்சுங்க, அத இதோட விட்டர்றேன்.

ஐப்பசில நம்ம மெம்பர் ஒருத்தரு, சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி கெட்டியாகற நோய் உள்ளவரு, நடுராத்திரி பொடக்காளி பாத்ரூமுக்கு எந்திரிச்சுப் போனாருங்க, கதவு நெலவுகிட்ட கால் தொடைக்கப் போட்டிருந்த சாக்கு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. தூக்கக் கலக்கம், பாத்து நடக்கலைன்னு ஊட்டுல சொன்னாங்க. கமிட்டிலயும் ஒருத்தரு "கல்லீரலுக்கும் கால் வழுக்கறதுக்கும் என்னங்க சம்பந்தம்"னு கேட்டுப்போட்டாரு. கேட்டது நல்லதாப் போச்சுங்க, அதுக்கப்பறந்தான் டாக்டரையும் பிசியோதெரபிஸ்ட்டையும் கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசுனோம்.

அவங்க சொன்னது என்னன்னா, கொடல்ல உண்டாகற அம்மோனியாவ கல்லீரல்தான் யூரியாவா மாத்தி வெளிய அனுப்போணும், அது முடியாதப்ப அம்மோனியா மூளைக்குப் போயிருது. முத்துனா பேச்சு கொழறும், கை நடுங்கும், அதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு கட்டம் இருக்குதுங்க, ஆளு நல்லாத்தான் பேசுவாரு, சந்தைக்குப் போயி மாடு வெல பேசிட்டு வருவாரு, கால் இடறுனா சட்டுனு சமாளிச்சு நிக்கற வேகம் மட்டும் கொறஞ்சிருக்கும். இவங்கதான் அதிகமா விழறாங்களாம்.

அதோட சதையும் கரையுது. தராசுல தெரியாதுங்க, ஏன்னா வயித்துல தண்ணி கட்டியிருக்கும், கால் வீங்கியிருக்கும், வெயிட் அப்படியேதான் காட்டும், தொடையப் புடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். சதையும் கொஞ்சம் அம்மோனியாவ எடுத்துக்குமாம், அதனால சதை போனா நஷ்டம் ரெட்டிப்பு. நீர் மாத்திரைல சோடியம் எறங்கும், எந்திரிச்ச ஒடனே பிரஷர் கொறஞ்சு கண்ண இருட்டும். எலும்பும் பலம் கொறஞ்சிருக்கும். ரத்தத்த உறைய வெக்கற பிளேட்லெட் கம்மியா இருக்கறவங்க விழுந்து தலைல அடிபட்டா, நல்லாத்தானே இருக்கறேன்னு படுத்துக்காம ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும், உள்ள ரத்தம் கசியறது அப்பவே தெரியாதுங்க.

தை மாசம் மண்டபத்துல பேலன்ஸ் செக்கப் வெச்சோம். ஒரு காலு குதிங்கால இன்னொரு காலு வெரலோட ஒட்டி வெச்சு 10 செகண்டு நிக்கோணும், சேர்ல இருந்து கைய ஊனாம 5 தடவ எந்திரிக்கோணும். மண்டபத்து பிளாஸ்டிக் சேர் வழுக்குதுன்னு எல்லாத்தையும் செவுத்தோட முட்டுக்குடுத்து வெச்சோம். வேட்டிய ஒரு கைல புடிச்சுட்டு ரெண்டு செகண்டுல ஆடுனவங்களப் பாத்து அவங்க சம்சாரங்களே வாயடைச்சுப் போயிட்டாங்க. அப்பறம் ஒரு நிமிஷத்துல எத்தன மிருகம் பேரு சொல்றாங்கன்னு ஒரு டெஸ்ட்டு, 10 கூட வரலைன்னா மூளைல அம்மோனியா வேலை நடக்குதான்னு பாக்கோணுமாம். ஒரு பெரியவரு காங்கேயம், பர்கூரு, மேச்சேரின்னு மாட்டுலயும் ஆட்டுலயுமே சுத்திட்டிருந்தாரு, அத தனித்தனியா எண்றதா வேண்டாமான்னு அரைமணி நேரம் பஞ்சாயத்துங்க.

அம்மோனியாவக் கொறைக்கக் குடுக்கற லாக்டுலோஸ் சிரப் பத்தி மறுக்காவும் சொல்லோணும். நாளைக்கு ரெண்டு மூணு தடவ எளக்கமாப் போற அளவுக்குக் குடிக்கோணும். கல்யாணத்துக்குப் போறோம், பஸ்ஸுல எப்படிங்கன்னு ரெண்டு நாள் நிறுத்தறாங்க, அங்கதான் குழப்பம் ஆரம்பிக்குது. அதிகமாக் குடிச்சு தண்ணியாப் போனாலும் ஒடம்பு வத்தி மயக்கம் வரும். தூக்கமில்லைன்னு மருந்துக்கடைல தூக்க மாத்திரை கேட்டு வாங்கறத அடியோட நிறுத்துங்க, டாக்டரக் கேக்காம ஒண்ணும் வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்துல எனக்கு ஒரு கோவமே இருக்குதுங்க. ஒரு ஆஸ்பத்திரில நம்ம மெம்பர்கிட்ட பருப்பு, முட்டை தொடவே கூடாதுன்னு சொல்லி அனுப்பி, அவரு மாசக்கணக்குல ரசஞ்சோறு தின்னு எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. இப்பத்த கணக்குல ஒரு நாளைக்கு ஒடம்பு வெயிட்டுல கிலோவுக்கு 1.2-ல இருந்து 1.5 கிராம் புரோட்டீன், 60 கிலோ ஆளுன்னா 72-ல இருந்து 90 கிராம். கொள்ளுப்பருப்பு, அரிசிம்பருப்பு சோறு, தயிரு எல்லாம் சாப்புடலாம், உப்பு மட்டும் அளவோட. படுக்கறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் சத்துமாவு கஞ்சி குடிச்சுட்டுப் படுங்க, விடிய விடிய வெறும் வயித்தோட இருந்தா ஒடம்பு சதைய எடுத்துத் தின்னுரும். நோம்பி விரதமும் வேண்டாமுங்க, சாமி கோவிச்சுக்காது.

துணிப்பை, கேலண்டர் செலவ இந்த வருஷம் நிறுத்திட்டோம், சில பேருக்கு வருத்தம், தெரியும். அந்தக் காசுலதான் கமோடு சேரு, வாக்கரு, பாத்ரூம் செவுத்துல அடிக்கற கைப்புடி, ராத்திரி எரியற சின்ன பல்பு வாங்குனோம். சாக்க எடுங்கன்னு ஊடு ஊடாப் போயிச் சொன்னதுக்கு செலவே இல்ல. ஊட்டுக்கே பிசியோதெரபி வேணும்னா 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் இருக்குது, உங்க ஊரு சுகாதார நிலையத்துல பதிஞ்சுக்கோங்க.

வாக்கரு வாங்கிட்டுப் போனவங்க தேவை முடிஞ்சா திருப்பிக் குடுங்க, ஒண்ணு தோட்டத்துல கோழி அடைக்கற எடத்துல கெடக்குதுன்னு கேள்வி. வரவு செலவ பொருளாளர் படிப்பாருங்க.