ஓபரா மேடையில் ஆல்பிரட் டெல்லருக்கு மறுக்கப்பட்ட இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓபரா என்னும் மேற்கத்திய இசைநாடக மேடைகளில் உச்சக் குரலில் பாடும், கவுன்டர்டெனர் எனப்படும் ஆண் பாடகர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத பொருள் என்பதால் முதலில் மகிழ்ச்சியே ஏற்பட்டது. ஆனால் கவுன்டர்டெனர்கள் பெண் குரலோடு பிறந்தவர்கள் என்றும், பழைய இத்தாலிய காஸ்ட்ராட்டோக்களின் நேர் வாரிசுகள் என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

காஸ்ட்ராட்டோ என்பவர், மகரக்கட்டு உடைவதற்கு முன்பே சிறுவயதில் விரை நீக்கப்பட்டவர். மார்புக்கூடு வளர்ந்த ஆணுக்குரியதாக விரிந்துகொண்டே போக, குரல்வளை மட்டும் சிறுவனுடைய அளவிலேயே நின்றுவிடும். அந்தக் கொடிய வழக்கத்தின் சாட்சியாக இசைத்தட்டில் மிஞ்சியிருக்கும் குரல், 1922இல் மறைந்த அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கியுடையது. கவுன்டர்டெனருக்கு இத்தகைய உடல் மாற்றம் எதுவும் கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் பேசும்போது கேட்டால், பாரிடோன் வகைக் கனத்த குரல்தான் வரும். குரல் நாண்களை முழுதாக அதிரவிடாமல் விளிம்புகளை மட்டும் அதிரவைத்துப் பாடுகிறார்கள். நம்மவர்கள் கள்ளக்குரல் என்று முகம் சுளிக்கிற அதே முறைதான். அதைப் பல ஆண்டுகள் பழக்கி, மூச்சின் பலத்தால் நிரப்பி, ஒரு முழுக் குரலாக்கி விடுகிறார்கள்.

இந்தக் குரலின் தொடர்ச்சி இங்கிலாந்தின் தேவாலயங்களில் இருந்தது. பாடகர் குழுவில் ஆல்டோ என்னும் உயர் குரலுக்குரிய வரியை வளர்ந்த ஆண்களே பாடும் வழக்கம் அங்கு விடுபடாமல் நீடித்தது. 1912இல் மார்கேட்டில் பிறந்த ஆல்பிரட் டெல்லர் அந்த வழியில் வந்தவர். மரச்சாமான் கடையில் வேலை பார்த்துக்கொண்டே தேவாலயத்தில் பாடி வந்த அவர், 1940இல் கேன்டர்பரி பேராலயத்தின் குழுவில் சேர்ந்தார். போர்க்காலத்தில் அங்கு வந்த இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் அவர் பாடக் கேட்டு, ஆங்கில இசையமைப்பாளர் பர்செல் எழுதிய 17ஆம் நூற்றாண்டுப் பாடல்களுக்கு வேண்டிய குரல் இதுவே என்று கண்டுகொண்டு லண்டனுக்கு அழைத்துப் போனார். 1946 செப்டம்பர் 29 அன்று பி.பி.சி.யின் மூன்றாம் அலைவரிசை தொடங்கியபோது, தொடக்க நாள் நிகழ்ச்சியிலேயே டெல்லரின் குரல் ஒலித்தது.

கட்டுரை ஒற்றை வரியில் கடந்துபோன இடம் இதற்கடுத்து வருகிறது. ஷேக்ஸ்பியரின் நடுவேனில் இரவுக் கனவை ஓபராவாக்கிய ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், தேவதைகளின் அரசனான ஓபரானின் வேடத்தை டெல்லரின் குரலை மனத்தில் வைத்தே எழுதினார். 1960 ஜூன் மாதம் கடலோரச் சிற்றூரான ஆல்ட்பரோவில், சில நூறு பேர் மட்டுமே அமரக்கூடிய ஜூபிலி மண்டபத்தில் அது அரங்கேறியது. அந்த வேடத்தின் சுரங்கள் பெரும்பாலும் தாழ்ந்தே நிற்பதால், இன்றைய கவுன்டர்டெனர்கள் பலருக்கு அது அடித்தொண்டைக்கு இறங்கிவிடுகிறது. முதல் அங்கத்தில் காட்டுத் தைமும் வயலட்டும் பூத்த கரையைப் பற்றி ஓபரான் பாடும்போது, சிறுமணிகளைத் தட்டியதுபோல் ஒலிக்கும் செலஸ்டா என்னும் இசைக்கருவி அவன் குரலோடு சேர்கிறது. டெல்லர் அதிர்ந்து பாடுகிறவர் இல்லை; இழை இழையாகப் பிரித்துப் பாடுகிறவர். எழுதியவர் அதை அறிந்தே எழுதியிருக்கிறார்.

ஆனால் டெல்லருக்கு ஓபரா மேடை அனுபவம் கிடையாது. நாற்பத்தெட்டு வயதில், தாடியோடும் உயர்ந்த உருவத்தோடும் முதன்முறை வேடம் கட்டியவரின் நடிப்பை விமர்சகர்கள் குறை கூறினார்கள். அடுத்த ஆண்டு இதே ஓபரா லண்டனின் பிரம்மாண்டமான கோவன்ட் கார்டன் அரங்குக்கு ஜான் கில்குட்டின் இயக்கத்தில் சென்றபோது, அவருக்காகவே எழுதப்பட்ட வேடம் அவருக்குத் தரப்படவில்லை. அமெரிக்கரான ரசல் ஓபர்லின் பாடினார். (தாம் கள்ளக்குரலில் பாடுவதில்லை, டெனர் என்னும் ஆண் குரல் வகையே தமக்கு இயல்பில் உயர்ந்து அமைந்தது என்று ஓபர்லின் சொல்லி வந்தார் என்பது தனிக்கதை.) அந்த ஓபர்லினும் முப்பதுகளின் பிற்பகுதியிலேயே மேடையை விட்டு ஆசிரியப் பணிக்குப் போய்விட்டார். 1966இல் பிரிட்டன் தாமே நடத்தி இசைத்தட்டில் பதிவு செய்தபோது, ஓபரானாக மீண்டும் டெல்லரையே அழைத்தார். நடிப்பைப் பற்றிய கேள்வி எழாத இடத்தில் இசையமைப்பாளரின் தேர்வு யாராக இருந்தது என்பதற்கு அந்தப் பதிவே சான்று.

1967இல் பெஞ்சமின் பிரிட்டனின் ஓபராக் குழுவுக்குக் குரல் தேர்வு கொடுத்துச் சேர்ந்த கவுன்டர்டெனர் ஜேம்ஸ் போமன், ஓபரானைப் பல ஆண்டுகள் பாடினார். டெல்லரைவிடப் பெரிய குரல், மேடையில் தயக்கமில்லாத ஆள். கவுன்டர்டெனர் ஓபராவையே பிழைப்பாகக் கொள்ள முடியும் என்பதைக் காட்டியவர் அவர். இருந்தாலும் வேடங்கள் வேண்டுமே! 1724இல் இசையமைப்பாளர் ஹாண்டெல், செனெசினோ என்னும் காஸ்ட்ராட்டோவுக்காக எழுதிய ஜூலியஸ் சீசர் வேடத்தை, 20ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஒரு ஸ்தாயி இறக்கிக் கனத்த குரலுடைய ஆண்களே பாடினார்கள். நியூயார்க்கில் 1966இல்கூட அப்படித்தான். எழுதிய ஸ்தாயியிலேயே பாட வேண்டும் என்று அரங்கங்கள் முடிவு செய்த பிறகுதான் மெஸ்ஸோ எனப்படும் நடுத்தரக் குரல் பெண் பாடகர்களுக்கும் கவுன்டர்டெனர்களுக்கும் அந்த வேடங்கள் திறந்தன. காஸ்ட்ராட்டோவோடு இவர்களுக்குள்ள உறவு அவ்வளவே: வேடம் அவர்களுடையது, தொண்டை இவர்களுடையது.

கட்டுரையில் பெயரளவில் வரும் கவுன்டர்டெனர் பேஜுன் மேத்தாவையும் சற்று விரித்து எழுதியிருக்கலாம். இசைக்குழு நடத்துநர் ஜுபின் மேத்தாவுக்குத் தூரத்து உறவினரான அவர், சிறுவனாக இருந்தபோதே இசைத்தட்டு வெளியிட்டுப் புகழ் பெற்றவர். மகரக்கட்டு உடைந்ததும் அந்த வாழ்க்கை முடிந்தது. செல்லோ வாசித்தார், இசைப்பதிவுத் தயாரிப்பில் ஈடுபட்டார், பாரிடோனாகப் பாடிப் பார்த்தார். இன்னொரு கவுன்டர்டெனரைப் பற்றிப் பத்திரிகையில் படித்த பிறகே தம் குரலை மேலே ஏற்றிச் சோதித்திருக்கிறார். 1998இல் நியூயார்க்கில் ஹாண்டெலின் ஓபராவில் அரங்கேறினார். பிறவிக் குரல் என்று கட்டுரையாளர் சொல்வது உண்மையானால், முப்பது வயதை நெருங்கும்வரை அவர் அதைத் தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை.

தொடரின் அடுத்த பகுதி வெளிவருமானால், "பெண் குரல்" என்ற சொல்லை விலக்கி, 1966ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றியும் ஒரு பத்தி எழுதுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
மயிலாடுதுறை.