டிக்கியை அறுக்கும் முன்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ கட்டும் பிளாஸ்டிக் மாடல் ரோட்ஸ்டரின் (கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார்) வெள்ளை பாடி, பின்மூடியைச் சுற்றிக் கறுப்பு மார்க்கரில் ஒரு கோடு, கீழே "அறுக்கட்டுமாம்மா?" என்று ஒரே வரி. தாராளமாக அறு. ஆனால் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. போனில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் ஒரு கேள்வி. மூடியைத் திறந்தால் உள்ளே என்ன தெரியப் போகிறது? நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு நீளமுள்ள இந்த 1/24 மாடல் கிட்டுகளில் பெரும்பாலும் டிக்கி மூடி பாடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தரை இருக்காது, சுவர் இருக்காது. வெறும் கூடுதான். அறுத்த கையோடு சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், மேல்புறமும் அச்சுக் குழியின் தழும்புகளும்தான் கண்ணில் படும். அதனால் உன் வேலை மூடியை அறுப்பதல்ல, அறையைக் கட்டுவது. மூடியை அறுக்க ஒரு மாலைப்பொழுது போதும். அறைக்குத்தான் நாள் பிடிக்கும்.

அந்த அறை எவ்வளவு பெரிது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்போர்ட்ஸ் கார் வரையும்போது டிக்கிக்கென்று முதலில் இடம் ஒதுக்குபவர்கள் குறைவு. என்ஜின், கியர்பாக்ஸ், பெட்ரோல் டாங்க், பின் சஸ்பென்ஷன், சைலன்சர், மடங்கும் கூரை எல்லாம் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் டிக்கி. ஆகவே டிக்கியின் வடிவம் வேண்டுமென்றால் அதைச் சுற்றி நிற்பவை எவை என்று பார்க்க வேண்டும்.

நீ எடுத்திருப்பது 1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. அதில் பெட்ரோல் டாங்க் இருக்கைகளுக்குப் பின்னால், டிக்கியின் முன்சுவருக்கு அந்தப்பக்கம். கீழே பின்பக்கம் சைலன்சர் குறுக்கே கிடக்கும். தரையை இஷ்டத்துக்கு இறக்க முடியாது. ஸ்டெப்னியும் உள்ளேதான். இன்னொன்றும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை: பேட்டரியும் டிக்கியில்தான், வலது மூலையில். முன்னும் பின்னும் எடை சமமாக வர வேண்டும் என்பதற்காகப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். மூடிய இடத்தில் பேட்டரி இருப்பதால் அதன் வாயு வெளியேற மெல்லிய குழாய் ஒன்று தரை வழியாக இறங்கும். ஒரு செம்புக் கம்பி இழைக்குக் கறுப்பு அடித்து அந்தக் குழாயை வைத்துப் பார். அந்தக் காரை ஓட்டியவர் யாராவது உன் மாடலைக் குனிந்து பார்த்தால் முதலில் அதைத்தான் தேடுவார்.

இப்போது கணக்கு. இதில் எனக்கு எப்போதும் ஒரு தனி ஆசை, பொறுத்துக்கொள். 1/24 என்றால் நீளம் 24-ல் ஒரு பங்கு. கொள்ளளவு 24 பெருக்கல் 24 பெருக்கல் 24, அதாவது 13,824-ல் ஒரு பங்கு. 2019-ல் வந்த போர்ஷ 911-ஐ எடுத்துக்கொள். அதன் முன்பக்கச் சாமான் அறை 132 லிட்டர். மாடலில் அது 9.5 மில்லிலிட்டர். இரண்டு டீஸ்பூன் கூட முழுசாக நிறையாது. நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் டிக்கி 130 லிட்டர், அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். நீ போட்டோவில் மார்க்கரால் வரைந்திருக்கும் பரப்பையும், தரையை எங்கே வைக்க நினைக்கிறாய் என்பதையும் பார்த்தால் உன் டிக்கி 20 மில்லிலிட்டரைத் தாண்டும் போலிருக்கிறது. அது ரோட்ஸ்டர் டிக்கி இல்லையப்பா, குடும்பக் கார் டிக்கி.

சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. ஜெர்மன் கார் தொழில் சங்கமான விடிஏ டிக்கியை அளக்கத் தண்ணீர் ஊற்றுவதில்லை. 200 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் கொண்ட கட்டைகளை அடுக்குவார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். எத்தனை கட்டை உள்ளே போய் மூடியும் மூடுகிறதோ அத்தனை லிட்டர். மூலை முடுக்கில் கட்டை நுழையாத இடம் கணக்கில் வராது. அதே கட்டை 1/24-ல் 8.3, 4.2, 2.1 மி.மீ. வரும். கடையில் 2 மி.மீ. தடிமன், 4 மி.மீ. அகலத்தில் ஸ்டைரீன் (மாடல் கட்டும் பிளாஸ்டிக்) பட்டை கிடைக்கும். அதை 8.3 மி.மீ. துண்டுகளாக வெட்டிக்கொள். கொஞ்சம் சிறியதாக இருக்கும், பரவாயில்லை. முதலில் அட்டையில் டிக்கி அறையை மடித்து ஒட்டி, கட்டைகளை அடுக்கிப் பார். இருநூறுக்கு மேல் போனால் உன் தரை சைலன்சருக்குள் இறங்கியிருக்கிறது, அல்லது முன்சுவர் பெட்ரோல் டாங்கில் இடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அட்டையில் திருத்து. ஸ்டைரீனுக்குப் பிறகு போகலாம்.

லிட்டர் கணக்கும் முழுக் கதையைச் சொல்லாது. விமானத்தில் கையோடு கொண்டுபோகும் 55, 40, 20 செ.மீ. பெட்டியைக் கணக்குப் போட்டால் 44 லிட்டர். 132 லிட்டரில் மூன்று போக வேண்டும், கணக்குச் சரி. ஆனால் சக்கர வளைவும் சாய்ந்த சுவரும் கணக்கைப் படிப்பதில்லை. அதனால்தான் இந்தக் கார்களுக்கு மெத்தென்ற பைகளே ஒத்துவரும். உன் மாடலிலும் சூட்கேஸ் வைக்காதே, வாயை இறுக்கிக் கட்டிய துணிப்பை ஒன்று வை. எபாக்ஸி பட்டியில் (பிசைந்து வைத்தால் இறுகும் மாவு) உருட்டி, காய்வதற்கு முன் ஊசியால் மடிப்புகளைக் கீறினால் துணி போலவே வரும். வார்களுக்கு மாஸ்கிங் டேப்பை ஒரு மி.மீ. அகலத்தில் நறுக்கிக்கொள்.

அடுத்த கிட்டுக்கு கார்வெட் எடுக்கப் போகிறேன் என்றாயே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1963 கார்வெட் ஸ்டிங் ரே கூப்பேயில் (கூரை நிலையாக உள்ள வகை) பின்னால் திறக்கும் மூடியே கிடையாது. சாமானை இருக்கைகளுக்குப் பின்னால் தள்ள வேண்டியதுதான். கூப்பேயின் பின்கண்ணாடி தூக்கித் திறக்கும்படி வந்தது 1982-ன் கலெக்டர் எடிஷனில்தான். அந்த 63-ஐ எடுத்து அழகாக டிக்கி மூடி அறுத்து, கீல் வைத்து, உள்ளே கார்பெட்டும் போட்டுக் கண்காட்சிக்குக் கொண்டுவருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கைவேலை சுத்தமாக இருக்கும். கார்தான் பொய்யாகிவிடும். கஸ்டம், அதாவது சொந்த விருப்பத்துக்கு மாற்றியது, என்று சீட்டு எழுதி வைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அமெரிக்க மாடல் கம்பெனி ஏஎம்டி 1958-ல் கொண்டுவந்த 1/25 கிட்டுகளே ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்ட வழி கொடுத்தன: கம்பெனி வடிவம், கஸ்டம், ரேஸ். அந்தக் காலத்து கஸ்டம்காரர்கள் நிஜக் காரிலேயே கைப்பிடிகளையும் சின்னங்களையும் எடுத்துவிட்டு, ஓட்டைகளை அடைத்து, மூடியை மறைவான மின்விசையால் திறக்க வைத்தார்கள். அதெல்லாம் அழகுதான். நான் கம்பெனி வடிவத்துக்காரி, உனக்குத் தெரியும்.

மெர்சிடஸ் 300 எஸ்எல் கட்ட வாய்த்தால் பின்மூடியைத் தைரியமாகத் திற. 1954-ல் வந்த அந்த இறக்கைக் கதவுக் காரின் பின்பக்கத்தை ஸ்டெப்னியும் 130 லிட்டர் பெட்ரோல் டாங்கும் எடுத்துக்கொண்டன. இன்றைய எம்எக்ஸ்-5-இன் டிக்கி எவ்வளவோ அவ்வளவு பெட்ரோல்! சூட்கேஸ்கள் இருக்கைக்குப் பின்னால், அந்த இடத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தவை. அந்தக் காரில் தோல் சூட்கேஸ் வைத்தால் பொருந்தும்.

கூரை மடங்கும் கார் என்றால் இன்னொரு முடிச்சு. 2009-ல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4-இல் உலோகக் கூரை மடிந்து டிக்கிக்குள்ளேயே போய்ப் படுத்துக்கொள்ளும். கூரை மூடியிருந்தால் 310 லிட்டர், திறந்தால் 180. மாடலில் கூரையைத் திறந்து வைத்துவிட்டு டிக்கி நிறையச் சாமானும் வைத்தால் அந்தக் காரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அதற்கு அடுத்து வந்த இசட்4-இல் துணிக் கூரைக்கே திரும்பினார்கள், திறந்தாலும் மூடினாலும் 281. உன் மாஸ்டாவில் இந்தத் தலைவலி இல்லை, துணிக் கூரை இருக்கைக்குப் பின்னால் மடிந்து உட்கார்ந்துவிடும்.

இனி அறுப்பது. கத்தியின் கூர்முனையால் அழுத்தி இழுக்காதே, வழுக்கி பாடியில் ஏறும். பிளேடின் முதுகுப்பக்கத்தால் மூடியின் கோட்டிலேயே மெதுவாக, திரும்பத் திரும்ப இழு. ஒவ்வொரு இழுப்புக்கும் முடி போல ஒரு சுருள் வரும். மூலைகளில் மிக மெல்லிய துரப்பண ஊசியால் முன்னதாகவே துளை போட்டுவிடு, அங்கேதான் பிளாஸ்டிக் விரியும். உள்ளே விளக்கைப் பிடித்துப் பார். கோடு வெளிச்சமாகத் தெரிய ஆரம்பித்ததும் பாடியைத் திருப்பி உள்பக்கமிருந்து முடி. எவ்வளவு கவனமாக அறுத்தாலும் கொஞ்சம் பிளாஸ்டிக் தூளாகப் போய் மூடி சிறுத்துவிடும். விளிம்பில் கால் மி.மீ. ஸ்டைரீன் பட்டை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைச் சரிசெய். கையில் இரண்டு கிட் இருப்பவர்கள் ஒன்றின் பாடியையும் மற்றதன் மூடியையும் பலி கொடுத்து இந்தத் தொல்லையிலிருந்து தப்புவார்கள். அது பணக்கார வழி.

அறுத்ததும் விளிம்பைப் பார்த்துத் திடுக்கிடுவாய். பாடியின் தடிமன் 1 முதல் 1.5 மி.மீ. வரை இருக்கும். 24-ஆல் பெருக்கினால் 24 முதல் 36 மி.மீ. வரும். நிஜக் காரின் தகடு ஒரு மி.மீ. கூட இல்லை. மூடியின் உள்பக்க விளிம்பைச் சாய்வாகச் சீவி, கண்ணுக்குத் தெரியும் ஓரத்தை மட்டும் மெல்லியதாக்கு. பாடி பக்கத்தில் தண்ணீர் ஓடும் பள்ளத்துக்கு அரை மி.மீ. பட்டையால் ஒரு வரப்பு கட்டு, அதன் மேல் ரப்பர் பீடிங்குக்கு மெல்லிய கறுப்புக் கம்பி. இந்த வரப்பு இல்லாமல் திறந்த டிக்கி எந்தக் காலத்திலும் டிக்கி போலத் தெரியாது. சாமானைவிட இதற்கு நேரம் செலவிடு.

கீலை விளிம்பிலேயே வைத்தால் மூடி தூக்கும்போது அதன் முன்னோரம் பாடியை இடித்து பெயின்ட்டைப் பெயர்க்கும். அதனால்தான் நிஜக் காரில் வளைந்த கைகள் உள்ளே இறங்கி, பாடியின் அடியில் ஓரிடத்தில் சுழல்கின்றன. அந்தக் கைகள் டிக்கி இடத்தையும் கொஞ்சம் தின்னும். பித்தளைக் கம்பியை அதே போல வளைத்து, பக்கச் சுவர்களில் ஒட்டிய சிறு பித்தளைக் குழாய்க்குள் நுழை. பெயின்ட் அடிப்பதற்கு முன் நூறு முறை திறந்து மூடிப் பார். பெயின்ட்டும் தடிமன் சேர்க்கும், வார்னிஷும் சேர்க்கும். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் கச்சிதமாக உட்காரும் மூடி, கடைசியில் உட்காராது. சுற்றிலும் ஒரு தாள் நுழையும் இடைவெளி விடு.

நிறம் எது என்று நீ சொல்லவில்லை. மெட்டாலிக் என்றால் மூடியைத் தனியாகக் கையில் பிடித்து அடிக்காதே. பாடியில் அதன் இடத்திலேயே, அதே சாய்வில் வைத்து, ஒரே நேரத்தில் அடி. இல்லையென்றால் மினுக்கம் வேறு திசையில் படிந்து இரண்டும் வேறு வேறு நிறமாகத் தெரியும். அந்தக் காருக்குச் சிவப்புதான் அழகு என்பது என் கட்சி, அதில் இந்தச் சிக்கலும் இல்லை. பிரைமர் என்னும் அடிப்பூச்சுக்கு முன் பாத்திர சோப்பில் எல்லாத் துண்டுகளையும் கழுவிக் காயவை, அச்சு எண்ணெய் இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

அட்டை அறையை ஒட்டி முடித்ததும், கட்டைகளை உள்ளே அடுக்கி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பேட்டரிக்கும் ஸ்டெப்னிக்கும் எவ்வளவு விட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். மார்க்கர் கோட்டை இப்போதே துடைத்துவிடு. அந்த மை பிரைமரையும் மீறி மேலே கசியும்.

அன்புடன்,
அம்மா