எஸ். வி. ரங்காராவ் அச்சுத் தொகுப்பு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எஸ். வி. ரங்காராவ் நடித்த பெயர்பெற்ற படங்களை இன்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருப்பது அந்தப் படங்களுக்காக அச்சான காகிதம்: பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஸ்டில் எனப்படும் படக்காட்சிப் புகைப்படம், போஸ்டர். 1947இல் ‘வரூதினி’யில் தொடங்கி, 1974 ஜூலை 18 அன்று சென்னையில் மறையும்வரை, அவர் தெலுங்கிலும் தமிழிலுமாக நடித்தார். காகிதமோ மொழிவாரியாகப் பிரிந்து வெவ்வேறு வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. இரண்டையும் ஸ்கேன் செய்து ஒரே அட்டவணைக்குள் கொண்டுவரும் வேலைக்காகவே இந்த வேண்டுகோள். சிலை வைப்பதற்கு அல்ல. அதைச் செய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஏன் ஒரே அட்டவணை? விஜயா நிறுவனம் ‘மாயா பஜாரை’ 1957இல் இரு மொழிகளிலும் தனித்தனியாக எடுத்தது. இரண்டிலும் கடோத்கஜன் ரங்காராவ்தான், கிருஷ்ணன் என். டி. ராமராவ்தான், சாவித்திரியும் இரண்டிலும் உண்டு. அபிமன்யு மட்டும் தெலுங்கில் நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி கணேசன். ஆகவே கதாயுதத்தோடு கடோத்கஜன் தனியாக நிற்கும் ஸ்டில்லை வைத்து எந்த மொழிப் படம் என்று சொல்லவே முடியாது. அதனோடு ஒரே கட்டாக வந்த மற்ற ஸ்டில்களில் அபிமன்யு யார் என்று பார்த்தால்தான் துப்பு கிடைக்கும். ‘மிஸ்ஸியம்மா’ (1955) சற்று எளிது: ஜமீன்தார் ரங்காராவுக்குப் பக்கத்தில் ராமராவ் இருந்தால் தெலுங்கு, ஜெமினி இருந்தால் தமிழ். ‘பாதாள பைரவி’யில் (1951) இந்த வழியும் அடைபடுகிறது, நாயகன் ராமராவ், நாயகி மாலதி, மாந்திரிகன் ரங்காராவ், மூவரும் இரு மொழிக்கும் பொது. அங்கே ஸ்டில்லின் பின்பக்க முத்திரைதான் கதி. அதனால் கட்டைக் கலைக்காமல், வந்த வரிசையிலேயே எண் போட்டு, பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்கிறோம். முன்பக்கம் மட்டும் எடுத்த படத்தால் எங்களுக்குப் பாதிப் பயன்கூட இல்லை.

பாட்டுப் புத்தகத்தில் தொல்லை வேறு. மலிவான தாள், அமிலம் ஏறிப் பழுத்து, மடிப்பிலேயே உடையும். நடுவிலுள்ள இரும்புப் பின் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளைத் தின்றிருக்கும். பின்னை இழுக்கக் கூடாது. உள்பக்கம் வளைந்திருக்கும் இரு கால்களையும் மழுங்கிய தட்டைக் கத்தியால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாகக் கழற்ற வேண்டும். பலர் நாற்பது ஐம்பது புத்தகங்களைச் சேர்த்து பைண்டு செய்து, ஓரத்தை வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டுப்பட்டுப் போவது பெரும்பாலும் பின் அட்டையின் அடியிலுள்ள அச்சக வரி. எந்த ஊர், எந்த அச்சகம் என்பதற்கு அந்த ஒரு வரிதான் சான்று.

பாட்டுப் புத்தகங்களை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில், முழு வண்ணத்தில், சுருக்காத டிஃப் படக் கோப்பாகச் சேமிக்கிறோம். ஏ5 அளவுப் பக்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ 52 எம்பி. 16 பக்கப் புத்தகம் 800 எம்பியைத் தாண்டும். போஸ்டர் ஸ்கேனரில் அடங்காது. அதை ஸ்டாண்டில் பொருத்திய கேமராவால், இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, நிறத்தை ஒப்பிட உதவும் வண்ண அட்டையோடு எடுக்க வேண்டும். வண்ண அட்டை இல்லாவிட்டால் சாயம் வெளுத்ததா, விளக்கு ஏமாற்றியதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதி. அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும்.

மொத்தச் செலவு 6,00,000 ரூபாய். ஏ3 ஸ்கேனருக்கு 2,40,000. கேமரா ஸ்டாண்டு, விளக்குகளுக்கு 45,000. 8 டிபி வட்டு மூன்றுக்கு 54,000. அமிலமற்ற உறைகளுக்கு 60,000. தெலுங்கும் தமிழும் படிக்கத் தெரிந்த இருவருக்கு ஆறு மாதப் பகுதிநேரச் சம்பளம் 1,80,000. போக்குவரத்துக்கும் மின்சாரத்துக்கும் 21,000. சம்பளத்தைக் குறைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். குறைக்க மாட்டோம். ஸ்கேன் செய்வது எளிது, இரு மொழி எழுத்தையும் படித்து அட்டவணை போடுவதுதான் வேலையே. கையில் 1,85,000 இருக்கிறது, வேண்டியது 4,15,000. ஸ்கேனருக்கான தொகை சேர்ந்த பிறகே வேலை தொடங்கும். சேராவிட்டால் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தருவோம்.

எங்களுக்குத் தரும் நன்கொடைக்கு 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகை கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டு நன்கொடை பெறும் அனுமதியும் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தயவுசெய்து பணம் அனுப்ப வேண்டாம். தொகை சிறியதானாலும் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள்.

பணத்தைவிடப் பொருள் தருபவர்களே எங்களுக்கு முக்கியம். இரவலாகத் தந்தால் போதும். குறிப்பாக ரங்காராவே இயக்கிய ‘சதரங்கம்’ (1967), ‘பாந்தவ்யாலு’ (1968) தொடர்பான எதுவும் வேண்டும். தருமுன் சில வேண்டுகோள்கள். லேமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. செல்லோடேப் ஒட்டாதீர்கள், பழையதைப் பிய்க்கவும் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிப்போன ஸ்டில்லைச் சட்டத்தோடு அப்படியே கொண்டுவாருங்கள். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். இராமபாணப் பூச்சி இருந்தால் மருந்து அடிக்காமல் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டித் தாருங்கள். அச்சுத் தாளை மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே வைத்தால் பூச்சி சாகும், தாளிலும் ஈரம் கோக்காது. புகைப்படத்தை இப்படிச் செய்ய மாட்டோம்.

படச்சுருள் பெட்டி இருந்தால் எங்களிடம் தர வேண்டாம். திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். மற்ற பெட்டிகளிலிருந்து உடனே தள்ளி வையுங்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள். அதற்கான குளிர் அறையும் ஆட்களும் எங்களிடம் இல்லை. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் செய்கிறோம்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்