எந்தக் குளத்தில் குளித்தோம் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுபோக அறுவடை முடிந்து, சிறு குளங்கள் எல்லாம் துருசு (மதகு) மட்டத்துக்குக் கீழே வற்றிக் கிடக்கும் இந்த நாட்களில், "மூளையைத் தின்னும் அமீபா" நீரைக் குடித்தாலும், குளத்து மீனைச் சாப்பிட்டாலும், நோயாளியிடமிருந்தும் தொற்றும் என்று சொல்லும் குரல்பதிவு ஒன்று எங்கள் பகுதியில் கைபேசிக்குக் கைபேசி பரவி வருகின்றது. அதைக் கேட்ட சில பெற்றோர் பிள்ளைகளைக் குளக்கட்டுப் பக்கமே போகவிடாமல் மறித்துவிட்டார்கள். வேறு சிலர், பாட்டன் பூட்டன் காலந்தொட்டு முழுகிவரும் குளத்தில் இனிப் புதிதாக என்ன வந்துவிடப் போகின்றது என்று அதைக் காதிலே போட்டுக்கொள்ளவில்லை. வன்னிப் பாடசாலைகளில் நீண்டகாலம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் இரு பகுதியினரும் என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதை உங்கள் பத்திரிகை வழியாக எல்லோருக்கும் எழுத்தில் சொல்ல விரும்புகின்றேன்.

வன்னிப் பிள்ளையிடம் குளத்தில் இறங்காதே என்று சொல்வது நடக்கிற காரியமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, உடையார்கட்டு என்று பெயர்பெற்ற குளங்களோடு, ஊருக்கு ஊர் இருக்கின்ற சிறு குளங்களும் வாய்க்கால்களும் சேர்ந்துதான் எங்கள் வாழ்க்கை. ஆடி, ஆவணியில் கிணறு அடிகாணும்போது குளிப்பும் உடுப்புத் தோய்ப்பும் அங்கேதான் நடக்கின்றன. நீந்தத் தெரியாத பிள்ளை நீந்தத் தெரிந்த பிள்ளையைவிட ஆபத்தில் இருக்கின்றது என்பதும் உண்மை. இந்த நாட்டின் நீர்நிலைகளில் ஆண்டுதோறும் பல நூறு பேர் மூழ்கி இறக்கிறார்கள். ஆகவே குளத்தை மூடச் சொல்லி நான் இக்கடிதத்தை எழுதவில்லை.

குரல்பதிவில் சொல்லப்படும் உயிரியின் பெயர் நெக்லேரியா ஃபௌலெரி. ஆஸ்திரேலியாவில் நோயாளிகளின் மூளையில் இதனைக் கண்டு 1965 இல் முதன்முதலாக விபரித்தவர்களுள் ஒருவரான வைத்தியர் மல்கம் ஃபௌலரின் பெயரே அதற்கு இடப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒருகல உயிரி சூடான நன்னீரிலும் அடிச்சேற்றிலும் பக்டீரியாக்களைத் தின்று வாழ்கின்றது. மற்ற அமீபாக்கள் பல தாங்காத 46 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்திலும் இது பெருகும், கடல்நீரில் வாழாது. இது மனிதனைத் தேடி வருவதில்லை. நீரில் பாயும்போதோ, சுழியோடும்போதோ, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை அடித்து விளையாடும்போதோ நீர் வேகமாக மூக்கின் உச்சிக்கு ஏறினால், அங்கே மணத்தை உணரும் நரம்பைப் பற்றிக்கொண்டு, மண்டையோட்டின் அடியிலுள்ள சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகளூடாக மூளைக்குப் போய்விடுகின்றது. வற்றிய குளத்தில், கால் பட்டாலே கலங்குகின்ற வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில், அடிச்சேற்றைக் கிளறி விளையாடும் பிள்ளைகளை நான் தனியே குறிப்பிட்டுச் சொல்வது இதனால்தான்.

அந்தக் குரல்பதிவு சொல்லும் மற்ற விடயங்கள் பெரும்பாலும் தவறானவை. இந்த அமீபா உள்ள நீரைக் குடிப்பதால் இந்நோய் வராது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. குளத்து மீனைச் சமைத்துச் சாப்பிடுவதாலும் வராது. இந்தப் பொய்யான பயத்தினால் எங்கள் நன்னீர் மீனவர்கள் பிடித்த மீனை விற்க முடியாமல் திரும்பிப்போவதைப் பார்க்க எனக்கு உண்மையாகவே மனவருத்தமாக இருக்கின்றது. அத்துடன் இது மிக அரிதான நோய். கோடிக்கணக்கானவர்கள் ஏரிகளிலும் ஆறுகளிலும் நீந்துகின்ற அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரையான அறுபத்திரண்டு ஆண்டுகளில் பதிவானவர்கள் 164 பேர் மட்டுமே. ஆனால் அந்த 164 பேரில் உயிர் தப்பியவர்கள் நால்வர்தான். அரிது என்று சொல்லி அலட்சியம் செய்ய முடியாமல் இருப்பதற்கு இந்த இரண்டாவது எண்ணே காரணம்.

எங்களைப் போன்ற காலநிலையும் குளங்களும் கிணறுகளும் உள்ள கேரளம் கடலுக்கு அப்பால்தான் இருக்கின்றது. அங்கே 2016 இல் ஆலப்புழை மாவட்டத்தில் முதலாவது நோயாளி கண்டறியப்பட்டதன் பின்னர் சில ஆண்டுகள் ஒருவர் இருவராக இருந்த எண்ணிக்கை, 2024 இலும் 2025 இலும் திடீரெனப் பல மடங்காகியது. நெக்லேரியாவோடு வேறு வகை அமீபாக்களும் நோயாளிகளிடம் காணப்பட்டன. 2024 ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்தின் பையோளிப் பகுதியைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இந்நோயிலிருந்து பிழைத்தெழுந்தான். அவன் பிழைத்ததற்கு நல்ல மருந்துகளும் கெட்டிக்கார வைத்தியர்களும் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னர் இன்னொன்று நடந்தது. அவனது தந்தை மாடு வளர்க்கும் ஒரு சாதாரண மனிதர். இந்த அமீபா பற்றிச் சமூக ஊடகத்தில் எங்கோ படித்திருந்தார். தன் மகன் ஊர்க் குளத்தில் நீந்தியிருந்தான் என்பதை வைத்தியரிடம் தானாகவே எடுத்துச் சொன்னார். அந்தத் தகவலினால்தான் முள்ளந்தண்டு நீரில் எதைத் தேடவேண்டும் என்று உடனே தெரிந்தது.

நோய் தொடங்கியபின் பெரும்பாலானோர் ஐந்தாறு நாட்களுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு தகப்பன் சொன்ன அந்தத் தகவலின் பெறுமதி விளங்கும். குளித்து ஒன்று முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் கடுமையான தலையிடி, காய்ச்சல், சத்தி என்று இது தொடங்கும். பிறகு கழுத்து விறைக்கும், பேச்சுத் தடுமாறும், வலிப்பு வரும். ஆரம்பத்தில் சாதாரண மூளைக்காய்ச்சலிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம். குளத்தில் குளித்த கதையை நாங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது எப்படித் தெரியும்?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு எங்கள் வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரி மழைக்குக் குளம் நிறைந்து வான் பாய்ந்த நாளொன்றில் என் தங்கையின் மகன் சிநேகிதர்களுடன் வாய்க்காலில் இறங்கி மீன் பிடித்தான். காலில் கிடுகு வெட்டிய சிறு காயம் இருந்தது. பத்து நாள் கழித்துக் காய்ச்சலும், கெண்டைக்காலில் கை வைக்க விடாத நோவும், கண்சிவப்பும் வந்தன. மாரி காலம் என்பதால் டெங்கு என்றே எல்லோரும் நினைத்தோம். வீட்டில் மூன்று நாள் பனடோல் கொடுத்துப் பார்த்துவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வாய்க்காலில் இறங்கியதைப் பற்றி அவனும் வாய் திறக்கவில்லை, எங்களுக்கும் அது ஒரு தகவலாகவே தோன்றவில்லை. மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பின்னர்தான் ஓர் இளம் வைத்தியர் "தம்பி, வெள்ளத்துக்குள்ள நின்றனீங்களோ?" என்று கேட்டார். அது எலிக்காய்ச்சல். இரண்டு கிழமை கட்டிலில் கிடந்து எழும்பினான். பிழை வைத்தியசாலையில் இல்லை. படித்தவன், படிப்பித்தவன் என்று சொல்லிக்கொள்ளும் நான் உட்பட, அவனைக் கூட்டிக்கொண்டு போன எங்களில்தான் இருந்தது. இன்றைக்கும் அந்த மூன்று நாட்களை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

எலிக்காய்ச்சல் அமீபாவைப்போல அரிதானதல்ல. எலி, மாடு, எருமை, நாய் முதலியவற்றின் சிறுநீரோடு வெளிவரும் லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருந்து, தோலிலுள்ள கீறல்கள் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உடம்புக்குள் புகுகின்றது. 2008 இல் இலங்கை முழுவதும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்பட்டது. 2024 டிசெம்பரில், மழைவெள்ளத்தைத் தொடர்ந்து யாழ்ப்பாண மாவட்டத்தில் இனங்காணப்படாத காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது முழு வடக்கும் பயந்தது. பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. ஆரம்பத்திலேயே கண்டால் நுண்ணுயிர்கொல்லி மருந்துக்கு இது கட்டுப்படும். சேற்றில் இறங்கும் கமக்காரருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் முன்கூட்டியே டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கிறார்கள். வயலுக்கு வாங்கிய குளிசையை அலுமாரியில் வைத்துவிட்டு வயலுக்குப் போகிறவர்களை நான் அறிவேன். தயவுசெய்து அதை விழுங்குங்கள். சேற்றிலும் நீரிலும் இருக்கும் மெலியோயிடோசிஸ் என்ற இன்னொரு தொற்று நீரிழிவு உள்ளவர்களையே கூடுதலாகத் தாக்குகின்றது என்பதால், சீனி வருத்தமுள்ள கமக்காரர்கள் காலில் சிறு புண் இருந்தாலும் அதை மூடிக்கட்டாமல் சேற்றில் இறங்கக்கூடாது.

மூக்கு வழியாக வரும் இன்னொரு குளத்து நோயையும் எங்கள் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள், பெயர் தெரியாமலிருந்திருக்கலாம். மூக்குக்குள் செம்புற்றுப் பழம் (ஸ்ட்ரோபெரி) போலச் சிவந்து, மேலே வெண்புள்ளிகளோடு ஒரு சதை வளரும். தொட்டால் இரத்தம் வடியும். ரைனோஸ்போரிடியோசிஸ் எனப்படும் இது உலகில் அதிகமாகக் காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். உயிரைக் குடிக்காது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஆனால் சத்திரசிகிச்சை செய்து அகற்றி, அடியைச் சுட்டுவிட வேண்டும், அப்படிச் செய்தும் சிலருக்குத் திரும்பவும் வளரும். மூக்கில் அடிக்கடி இரத்தம் வரும் பிள்ளையைச் சூடு என்று சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான். வெயில் காலத்தில் வற்றிக் கலங்கிய குளத்திலும், கிரவல் தோண்டிய கிடங்குகளிலும் பாயவோ சுழியோடவோ வேண்டாம். நிறைந்த குளத்தில் குதிக்கும்போது மூக்கைக் கையால் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையை நீருக்கு மேலே வைத்து நீந்தப் பழக வேண்டும். மாடு குளிப்பாட்டும் துறையில் குளிக்கக் கூடாது. காலில் காயம் இருந்தால் அன்றைக்குக் கிணற்றடியில் குளிக்கலாம். மூக்குக்குள் நீரேற்றிச் சுத்தம் செய்யும் வழக்கமுள்ளவர்கள், தொழுகைக்கு முன் உடம்பைக் கழுவும் வுழுச் செய்யும் இஸ்லாமியச் சகோதரர்களும் யோகாசனம் பயில்வோரும் உட்பட, கொதித்து ஆறிய நீரை அதற்குப் பயன்படுத்துவது நல்லது. பாகிஸ்தானின் கராச்சி நகரில் நீந்தப் போகாத பலருக்கும் குழாய்நீர் மூக்கில் ஏறியே இந்த அமீபா நோய் வந்தது. கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் குளோரீன் இடுவதில் பஞ்சிப்பட வேண்டாம்.

அதிகாரிகளிடம் இரண்டு கோரிக்கைகள் உண்டு. மக்கள் கூடிக் குளிக்கும் துறைகளில், ஆழம், சுழி, முதலை என்று எச்சரிக்கும் பலகைகளோடு, "மூக்கில் நீர் ஏறவிடாதீர்கள், குளித்தபின் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்" என்ற ஒரு வரியையும் தெளிவான தமிழில் எழுதிவைக்க வேண்டும். கமக்கார அமைப்புகளும் பிரதேச சபைகளும் சேர்ந்தால் இதற்குப் பெரிய செலவு வராது. அடுத்தது, எங்கள் வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும், எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்பதோடு, கடந்த ஒரு மாதத்தில் குளத்திலோ வாய்க்காலிலோ வயலிலோ இறங்கினீர்களா என்றும் கேட்டுத் துண்டில் குறித்துவிட வேண்டும். நீண்ட வரிசையை ஒருவராகப் பார்த்து முடிக்கும் வைத்தியருக்கு அது மேலதிக வேலை என்பதை அறிவேன். அந்தக் கேள்வியைத் தாதியரோ துண்டு எழுதுபவரோ கேட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.