பொக்ஸரின் குளம்புக்கு அடியில்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். இங்கே மழை பிடித்துக்கொண்டது. கோட்டைக்குள் மான்கள் எல்லாம் சுவர் ஓரமாய் ஒதுங்கி நிற்கின்றன.

ஜோர்ஜ் ஓர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ நாவலில் பொக்ஸர் என்ற வண்டிக் குதிரையின் பகுதியை மட்டும் எடுத்து, மூதூர்ப் பிள்ளைகளை வைத்து 40 நிமிட வாசிப்பாகச் செய்யப் போகிறாய் என்பதில் சரியான சந்தோசம். நீ அனுப்பிய பிரதியை இரண்டு தரம் வாசித்தேன். 7ஆம் அத்தியாயத்தில் நீ வெட்டியதைத் திரும்பப் போட வேண்டும். அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

உன் வரிசை இப்படிப் போகிறது: எழுத்துப் படிக்கிற இடம், ‘இன்னும் கடுமையாக உழைப்பேன்’, காற்றாலைக்குக் கல் இழுப்பது, கடைசியில் அவனை அறுக்கக் கொண்டுபோகிற வண்டி. இப்படிப் போனால் பொக்ஸர் மாடாய் உழைத்துச் செத்த வாயில்லாச் சீவனாகத்தான் தெரிவான். ஆனால் ஓர்வெல் அவனுக்கு வாய் கொடுத்திருக்கிறார். பண்ணையை விட்டுத் துரத்தப்பட்ட பன்றி ஸ்னோபோல் ஆரம்பத்திலிருந்தே பழைய முதலாளி ஜோன்ஸின் ஆள் என்று, தலைவன் நெப்போலியனுக்காகப் பேசுகிற பன்றி ஸ்குவீலர் சொல்லும்போது, கேள்வியே கேட்காத பொக்ஸர் முன்னங்கால்களை மடித்துப் படுத்து, கண்ணை மூடி, பாடுபட்டு யோசித்துச் சொல்கிறான்: நான் நம்பவில்லை, ஜோன்ஸோடு நடந்த மாட்டுக்கொட்டில் சண்டையில் அவன் துணிவாகப் போரிட்டதை நானே கண்டேன். முழு நாவலிலும் அவன் இப்படி எதிர்த்து நிற்பது இங்கேதான். தோழர் நெப்போலியனே திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார் என்றதும், அப்படியென்றால் வேறு கதை, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தான் கண்ணால் கண்டதையே விட்டுக்கொடுக்கிறான். ஸ்குவீலர் வாயால் மெச்சுகிறான், பார்வையில் விசம்.

நாலு நாள் கழித்து எல்லாரையும் முற்றத்தில் கூட்டி, நாய்களை ஏவிவிடுகிறார்கள். அவற்றில் மூன்று பொக்ஸர் மேலேயே பாய்கின்றன. ஏன் என்று ஓர்வெல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த நாலு நாளையும் வாசகன்தான் இணைக்க வேண்டும். நீ முதல் பகுதியை வெட்டினால் பாய்ச்சலுக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். பிறகு நடப்பதைப் பார்: பாய்ந்து வந்த நாய் ஒன்றைக் குளம்பால் அந்தரத்திலேயே தட்டி நிலத்தோடு அழுத்துகிறான். மற்ற இரண்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகின்றன. காலுக்கு அடியில் நாய் கதறுகிறது. நசுக்கவா, விடவா என்று பொக்ஸர் நெப்போலியனின் முகத்தைப் பார்க்கிறான். நெப்போலியனின் முகம் மாறுகிறது. அந்தக் கணத்தில் பண்ணை முழுவதும் அந்த ஒரு குளம்புக்கு அடியில் கிடக்கிறது. அதைத் தூக்கச் சொல்லி உத்தரவு வருகிறது, அவனும் தூக்கிவிடுகிறான். வாசிக்கிற பிள்ளை இங்கே மூச்சு விட்டு, மூன்று எண்ணி, அதன் பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். அன்று முற்றத்தில் நடக்கிற கொலைகள் முடிந்ததும், பிழை நம்மிடம்தான் இருக்க வேண்டும் என்கிறான். அன்று இரவே கல்லுடைக்கிற இடத்துக்குப் போய் இரண்டு சுமை கல் இழுத்து வந்துதான் படுக்கிறான். அந்த இரண்டு சுமையை விட்டுவிடாதே.

இந்த அத்தியாயத்துக்கு 14 நிமிடம் கொடு. காற்றாலை வர்ணனையில் பாதியை வெட்டினால் அந்த நேரம் கிடைக்கும்.

இந்த நாவலின் விதை பற்றி ஓர்வெலே 1947இல் உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். பத்து வயதுப் பையன் ஒருவன் பெரிய வண்டிக் குதிரை ஒன்றைச் சவுக்கால் அடித்து ஓட்டிக்கொண்டு போவதைக் கண்டாராம். இந்த மிருகங்களுக்குத் தங்கள் பலம் தெரிந்தால் நம்மால் அடக்க முடியுமா என்று தோன்றியதாம். உன் பிள்ளைகளுக்கு வண்டிக் குதிரை தெரியாது. பொக்ஸர் ஏறத்தாழ 18 கை உயரம். ஒரு கை 4 அங்குலம், ஆக 6 அடி. அதுவும் தலை வரைக்கும் அல்ல, தோள் வரைக்கும்தான். சுவரில் சோக்கால் கோடு போட்டுக் காட்டு.

நெப்போலியன் ஸ்டாலின், ஸ்னோபோல் ட்ரொட்ஸ்கி என்று அட்டவணை போட்டுப் பாடமாக்குகிற பழக்கம் இருக்கிறது. பொக்ஸருக்கு அப்படி ஒரு பெயர் தேடாதே. 1935 ஓகஸ்டில் ஒரே வேலைமுறையில் 102 தொன் நிலக்கரி வெட்டினார் என்று கொண்டாடப்பட்ட சோவியத் சுரங்கத் தொழிலாளி ஸ்தகானொவை உதாரணமாகச் சொல்லலாம், அவ்வளவுதான். நம்ம பிள்ளைகளுக்கு அதைவிடக் கும்பகர்ணன் கிட்ட. கோணேசர் கோயில் பாறையில் உள்ள இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. கும்பகர்ணன் அண்ணன் செய்வது பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னவன். தோற்போம் என்று தெரிந்தே செஞ்சோற்றுக் கடனுக்காகப் போருக்குப் போனவன். உயிரைக் கொடுத்தானே தவிர, தான் அறிந்ததைக் கொடுக்கவில்லை. பொக்ஸர் முதலில் கொடுத்தது அதைத்தான். பிள்ளைகளைக் கதைக்க விட்டால் இந்த வித்தியாசத்தைத் தாங்களே பிடிப்பார்கள்.

எழுத்துப் படிக்கிற இடத்தில் சபை சிரிக்கும். உடனே பொக்ஸராக வாசிக்கிற பிள்ளை குரலை இழுத்து மந்தன் மாதிரிப் பேசத் தொடங்கிவிடும். விடாதே. ஈ, எஃப், ஜீ, எச் வரும்போது ஏ, பீ, சீ, டீ மறந்துபோகிறது. கடைசியில் முதல் நாலே போதும் என்று அவற்றைத் தினமும் புழுதியில் எழுதிப் பார்க்கிறான். இதைத் தமிழ் எழுத்தாக மாற்றியிருக்கிறாய், அது வேண்டாம். பின்னால், ஓய்வு கிடைத்ததும் மிச்சம் 22 எழுத்தையும் படிப்பேன் என்பான். 26இல் 4 போனால்தான் அந்தக் கணக்கு வரும், நெஞ்சும் அடைக்கும்.

ஓய்வு வயது குதிரைக்கு 12. நாளொன்றுக்கு 5 இறாத்தல் தானியம் என்று பேச்சு. அந்த வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது விழுகிறான். ஓய்வுபெறுகிறவர்களுக்கென்று ஒதுக்கிய சின்ன வயலில் அதற்கு முன்பே பார்லி விதைக்க உத்தரவாகியிருந்தது. இதை ஒரே வரியில் சொல்லிப் போ.

வண்டியில் எழுதியிருப்பதைக் கழுதை பெஞ்சமின் வாசிக்கும்போது விளக்கம் வேண்டும்: குதிரை அறுக்கிறவர், பசை காய்ச்சுகிறவர், நாய்ப்பட்டிகளுக்கு இறைச்சி கொடுக்கிறவர். பசை என்றால் தச்சர் பாவிக்கிற வச்சிரம், தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. 1ஆம் அத்தியாயத்தில் கிழட்டுப் பன்றி மேஜர் பொக்ஸரிடம், உன் பலம் போகிற அன்று ஜோன்ஸ் உன்னை விற்பான், வேட்டை நாய்களுக்குக் காய்ச்சுவார்கள் என்று சொன்ன இரண்டு வரியையும் தொடக்கத்தில் வைத்தால்தான் இது போய்த் தைக்கும். வண்டிக்குள் குளம்புச் சத்தத்துக்குச் சிரட்டை வேண்டாம், அது குதிரை ஓடுகிற சத்தம். தடித்த பலகையைக் கைமுட்டியால் குத்தச் சொல். பலமாக ஐந்தாறு, பிறகு இடைவெளி நீண்டு தேய்ந்து நிற்கட்டும்.

அதோடு முடிக்காதே. பொக்ஸர் ஆஸ்பத்திரியில் செத்தான் என்ற ஸ்குவீலரின் பொய்யையும், பிறகு அந்த வண்டி வந்த அதே வில்லிங்டன் ஊரிலிருந்து பன்றிகளுக்கு வந்து இறங்குகிற மரப்பெட்டியையும் வாசித்து, விஸ்கிக்குக் காசு எங்கிருந்தோ கிடைத்தது என்ற வரியில் நிறுத்து.

பெஞ்சமினுக்கு யாரைப் போடுகிறாய்? அவன் கத்துகிற இடம் ஒன்றுதான், ஆனால் தொண்டை உள்ள பிள்ளையாக இருக்க வேண்டும். திருத்திய பிரதியை அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்