ராட் ஸ்டூவர்ட்டின் குரல் மீது பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரிட்டிஷ் ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட் பிற்காலத்தில் பாடிய மென்மையான ஆல்பங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட வாசகர் கருத்துகளை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது, சரி, இவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறதே என்று தோன்றியது. எந்தப் பாதி நியாயம், எந்தப் பாதி நியாயமில்லை என்று சொல்லாமல் விட மனசு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுதியவர்களில் பலர் சொல்வது ஒரே விஷயம்தான். 1971இல் 'மேகி மே' பாடியபோது இருந்த குரல், உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரி இருக்குமே, அந்தக் கரகரப்பு எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள். 2002இல் தொடங்கி, பழைய அமெரிக்கப் பாடல்களை எடுத்துப் பாடி அவர் வரிசையாக வெளியிட்ட 'த கிரேட் அமெரிக்கன் சாங்புக்' ஆல்பங்களில் எல்லாமே தாழ்ந்த சுருதி, எல்லாமே மெதுவான நடை, இது தூக்க மாத்திரை என்கிறார் ஒருவர். குரல் போன பிறகு மரியாதையாக ஒதுங்கியிருக்கலாம் என்கிறார் இன்னொருவர். ஒதுங்கியிருக்கலாம் என்ற அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது.

2000ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட்டுக்குத் தைராய்டு புற்றுநோய் இருப்பது தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பாட்டே வரவில்லை. ஏற்கெனவே முப்பது வருஷத்துக்கு மேல் மேடையில் பாடியிருந்த மனிதர், பல மாதம் உட்கார்ந்து குரலை முதலிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. தைராய்டு சுரப்பி இருக்கிற இடம் அப்படி. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கிறது, குரல்நாண்களை அசைக்கிற நரம்பு அதன் பின்பக்கமாகத்தான் ஏறி வருகிறது. அது போதாதென்று, உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது நாண்களை இழுத்து விறைப்பாக்குகிற தசைக்கான இன்னொரு மெல்லிய நரம்பு சுரப்பியின் மேல் முனையை உரசிக்கொண்டு போகிறது. அந்த இரண்டாவது நரம்புக்குக் கொஞ்சம் அடிபட்டால்கூடப் போதும். சாதாரணமாகப் பேசும்போது வித்தியாசம் தெரியாது. மேலே ஏறிப் பாட முயன்றால்தான் குரல் பாதி வழியில் நின்றுவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரியக் காரணம் என் அண்ணன். அவருக்கும் இதே சுரப்பியில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த அறையில் இருந்து கூப்பிட்டால் வீடே திரும்பிப் பார்க்கிற குரல் அவருக்கு. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் மெல்ல மெல்ல ஒரு குரல் திரும்பி வந்தது, ஆனால் பழைய குரல் இல்லை, அதைவிடத் தாழ்ந்தது, அடங்கியது. போனில் பேசினால் யார் என்று ஒரு வினாடி யோசிக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில்தான் அவர் ஸ்டூவர்ட்டின் 2002 ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அதுவரை எனக்கும் அது ஏதோ பெரியவர்கள் கேட்கிற பாட்டு என்ற நினைப்புதான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான், இந்த மனிதர் தன்னிடம் மிச்சமிருக்கிற குரலின் எல்லை எங்கே என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறார் என்பது காதில் விழுந்தது.

நோய் வந்ததால்தான் அவர் பழைய பாட்டுப் பக்கம் போனார் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பாடல்கள் அந்தக் குரலுக்குப் பொருந்தின என்கிறேன். பெரும்பாலும் 1920களில் இருந்து 1940கள் வரை எழுதப்பட்ட பாடல்கள். மைக் முன்னால் நின்று காதோரம் பேசுகிற மாதிரிப் பாடும் வழக்கமே மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகு, 1920களின் பிற்பகுதியில்தான் பரவியது, அதற்கு முன்னால் அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி கத்த வேண்டும். ஃபேசஸ் என்ற ராக் குழுவோடு எலெக்ட்ரிக் கிடாருக்கு மேலே குரலை ஏற்றிப் பாடிய இளைஞன் வேறு ஆள். 57 வயதில், புதிதாகப் பழகிய குரலோடு இந்தப் பாடல்களிடம் வந்தவர் வேறு ஆள். இரண்டாமவரிடம் போய் முதலாமவரைக் கேட்டால் எப்படிக் கிடைப்பார்?

அந்த 2002 ஆல்பத்தில், அமெரிக்கப் பாடலாசிரியர் கோல் போர்ட்டர் எழுதிய 'எவ்ரி டைம் வி சே குட்பை' இருக்கிறது. பிரிவைப் பற்றிய பாட்டு. மலர்ச்சியாக ஒலிக்கிற மேஜரிலிருந்து சோகமாக ஒலிக்கிற மைனருக்கு இசை மாறுவது பற்றி வரி பேசுகிற இடத்தில் பின்னணி இசையும் அதேபோல மாறும், அப்படித்தான் போர்ட்டர் அமைத்திருக்கிறார். நிறையப் பாடகர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திக் காட்டுவார்கள், கேட்பவர் கவனிக்க வேண்டுமே என்று. ஸ்டூவர்ட் அழுத்தவில்லை. கரகரப்பு லேசாக எட்டிப் பார்க்கிறது, உடனே அடங்கிவிடுகிறது. கரகரப்பு எங்கே போயிற்று என்று கேட்டவர்கள் அந்த ஒரு வரியை ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள், அது எங்கேயும் போகவில்லை.

இனி அந்த இன்னொரு பாதிக்கு வருகிறேன். லிஃப்டில் போடுகிற பாட்டு மாதிரி இருக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் சொன்னது கேலிதான், ஆனால் கேலிக்குள் உண்மை இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஸ்டூவர்ட்டைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு விருப்பமில்லை.

இந்த மாதிரி மென்மையான ஆல்பங்களுக்கு 'அடல்ட் கன்டெம்பரரி' என்று ஒரு பெயர் உண்டு, அதை நாம் ஏதோ ஒரு இசை வகை மாதிரிப் பேசுகிறோம். அடிப்படையில் அது வானொலிக்காரர்களின் சொல். அமெரிக்காவில் பில்போர்ட் பத்திரிகை 1961இல் 'ஈஸி லிசனிங்' என்று ஒரு தரவரிசையைத் தொடங்கியது, பெயர் பலமுறை மாறி 1979இல்தான் 'அடல்ட் கன்டெம்பரரி' ஆனது. ராக் சத்தம் வேண்டாம், ஆனால் தாத்தா காலத்து இசையும் வேண்டாம் என்கிற, வேலைக்குப் போகிற வயதுக்காரர்களுக்கான நிலையங்கள் அவை. அலுவலகத்தில் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும், காரில் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் எழுந்து போய் நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் அந்த நிலையங்களின் கவலை. அந்தக் கவலை மெல்ல ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. எதுவும் உறுத்தக் கூடாது என்று டிரம்ஸைப் பஞ்சு மாதிரி ஆக்குகிறார்கள், இடைவெளி விழுகிற இடத்தில் எல்லாம் கீபோர்டையோ வயலின் கூட்டத்தையோ ஊற்றி நிரப்புகிறார்கள், சாக்ஸபோன் வர வேண்டிய இடத்தில் சரியாக வந்துவிட்டுப் போகிறது. ஸ்டூவர்ட்டின் தொகுப்புகளில் எனக்கும் அலுப்புத் தட்டுவது இங்கேதான். பாட்டுக்குப் பாட்டு வேகம் மாறுவதே இல்லை. குரல் ஒரு சொல்லை முடித்து மூச்சு விடுவதற்குள் பின்னணி இசை வந்து அந்த இடத்தை மெழுகிவிடுகிறது.

ஆனால் தூங்க வைப்பது குரல் என்று எழுதினால் அது தவறு, தூங்க வைப்பது குரலைச் சுற்றி வைத்த தலையணைகள். அமெரிக்க கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 1978இல் இதே மாதிரிப் பழைய பாடல்களை 'ஸ்டார்டஸ்ட்' என்று ஒரு ஆல்பமாகப் பாடினார். புக்கர் டி. ஜோன்ஸ் தயாரிப்பு, பெரும்பாலும் நெல்சனின் சொந்தக் குழுவே வாசித்தது. கிடார் ஒரு பக்கம், ஹார்மோனிகா ஒரு பக்கம், நடுவில் ஏராளமான வெற்றிடம். பாப் டிலன் 73 வயதில், 2015இல் 'ஷேடோஸ் இன் த நைட்' வெளியிட்டார். ஃபிராங்க் சினாட்ரா பாடிய பாடல்கள், கூட ஐந்து பேர் கொண்ட சின்னக் குழு, சினாட்ரா பாடிய அதே கேப்பிடல் ஒலிப்பதிவுக் கூடம். டிலன் குரலில் எத்தனை விரிசல் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு யாராவது தூக்கம் வருகிறது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சரி, பெரிய வாத்தியக் குழு வைத்தாலே கெட்டுவிடுமா என்றால் அதுவும் இல்லை. ராக் பாடகியாக உச்சத்தில் இருந்த லிண்டா ரான்ஸ்டாட் 1983இல் 'வாட்ஸ் நியூ' பாடியபோது, சினாட்ராவுக்கு 1950களில் இசைக்கோர்ப்பு செய்த நெல்சன் ரிடிலையே போய்க் கேட்டார். வயலின்கள் நிறைய உண்டு, ஆனால் அவை குரலுக்குப் பதில் சொல்கின்றன, குரலை மூடுவதில்லை. கனடாவில் பிறந்த பாடகி ஜோனி மிட்செலை எடுத்துக்கொள்ளுங்கள். 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை 1969இல் 25 வயதில் கிடாரோடு தெளிந்த உயரமான குரலில் பாடியவர், 56 வயதில், 2000ஆம் ஆண்டு, அதையே பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி பாடினார். குரல் எவ்வளவோ கீழே இறங்கிவிட்டிருந்தது. வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று இளம் வயதில் எழுதியவர், நிஜமாகவே பார்த்து முடித்த பிறகு அதைச் சொல்லும்போது, எனக்கு இரண்டாவது பதிவுதான் அசல் என்று தோன்றுகிறது. சின்னக் குழுவோ பெரிய குழுவோ, குரலுக்கு இடம் விட்டால் வயது ஒரு குறையாகக் கேட்பதில்லை. ஸ்டூவர்ட்டுக்கு அந்த இடத்தைப் பாதிப் பாடல்களில்தான் விட்டார்கள்.

பணத்துக்காகச் செய்தார் என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு வார்த்தை. 2002 முதல் 2005 வரை வருஷத்துக்கு ஒன்று என்று நான்கு தொகுப்புகள், 2010இல் ஐந்தாவது. மூன்றாவது தொகுப்பு 2004இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, அதற்கு கிராமி விருதும் கிடைத்தது, அத்தனை வருஷப் பாட்டு வாழ்க்கையில் அவருக்கு அதுதான் முதல் கிராமி. விற்கிறது என்று தெரிந்ததும் நிறுத்த மனசு வரவில்லை, உண்மைதான். நான்காவதையும் ஐந்தாவதையும் நானே முழுசாக ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை. முதல் தொகுப்பில் இருந்த பயம், குரல் அடுத்த அடியைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கிற அந்த ஜாக்கிரதை, பின்னால் பழக்கமாகி வெறும் பாணியாகிவிட்டது. இதை யாராவது எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் முதல் தொகுப்பையும் ஐந்தாவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கிழவர் பாட்டு என்று ஒதுக்குவது வேறு விஷயம்.

அப்புறம், உங்கள் பக்கத்தில் ஒருவர்கூட 2013இல் வந்த 'டைம்' ஆல்பத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்பதில் எனக்கு ரொம்ப வருத்தம். அதற்கு முந்தைய வருஷம் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது பழைய நினைவுகள் கிளறப்பட்டு, பல காலமாகத் தானே பாட்டு எழுதாமல் இருந்த ஸ்டூவர்ட் மறுபடி எழுதத் தொடங்கினார். அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு, முறிந்துபோன மணவாழ்க்கையைப் பற்றி ஒன்று, இளமைக் காதலைப் பற்றி ஒன்று. இதுவும் மென்மையான ஆல்பம்தான், வானொலிக்குத் தோதாக மெழுகியதுதான், சில இடங்களில் இனிப்பு அதிகம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பாடுவது அவருடைய சொந்தக் கதை என்பதால் அந்த மெழுகுக்கு அடியிலிருந்து குரல் முட்டிக்கொண்டு வெளியே வருகிறது. இங்கிலாந்தில் அது முதலிடம் பிடித்தது. 68 வயதில். ஒதுங்கியிருக்கலாம் என்று எழுதிய வாசகர் முதலில் இதைக் கேட்கட்டும்.

என் அண்ணனுக்கு உங்கள் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அவர் வாதம் பண்ணவில்லை. "மூணு மாசம் பேச முடியாம இருந்துட்டு வந்து சொல்லச் சொல்லு" என்று மட்டும் சொன்னார், அந்தத் தாழ்ந்த குரலிலேயே.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிக் கருத்துகளை வெளியிடும்போது, எழுதுகிறவர் எந்த ஆல்பத்தை, எந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிறார் என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். 2002 ஆல்பத்தைத் திட்டியவர் யார், 2010 ஆல்பத்தைத் திட்டியவர் யார் என்று தெரியாமல் எல்லாமே ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டதால், நியாயமான குறை சொன்னவர்களின் பேச்சும் காணாமல் போய்விட்டது. அந்த லிஃப்ட் பாட்டு என்று எழுதியவரோடு எனக்கு உட்கார்ந்து பேச ஆசையாக இருக்கிறது, அவர் சொன்னது எந்தப் பாட்டை என்று மட்டும் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்