ஒரு பழைய ஒளிப்படத்தைப் பார்க்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே இருந்த ஹங்கர்ஃபோர்டு தொங்கு பாலத்தை ஒளிப்படக்கலை முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1845ஆம் ஆண்டளவில் எடுத்த ஒளிப்படத்தைப் பற்றிய என் கட்டுரை முடிந்துவிட்டது. அதில் சரியாக அமைந்தவற்றுள் பெரும்பகுதி உங்களால் அமைந்தது என்பதைப் பலரறியச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் நன்றி, உப்புத்தாள் அச்சைச் செய்து காட்டிய நண்பருக்கு. படத்தில் வானம் வெறுமையாக வெளுத்திருப்பதைக் கண்டு, லண்டனின் மூடுபனியைப் பற்றி ஒரு முழுப் பத்தியே எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்த அவர் மறுத்து எதுவும் பேசாமல், ஒரு தாளை உப்புநீரில் தோய்த்து உலர்த்தி, வெள்ளி நைட்ரேட் பூசி, வெயிலில் வைத்து என் கண்முன்னே படம் எழச் செய்தார். டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற கலோடைப் முறையில் எதிர்ப்படிவமும் (நெகட்டிவ்) தாள்தான் என்பதையும், அதிலுள்ள வெள்ளி உப்பு நீல ஒளியை விரைந்து ஏற்பதால், பாலக் கோபுரங்களின் சிவந்த செங்கல் பதிவதற்குள் வானம் மிகையாகப் பதிந்து, அச்சில் வெளுத்துவிடும் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். நீண்ட நேரம் ஒளி பட வேண்டியிருந்ததால் அலைகள் மழுங்கின. நடமாடியவர்கள் தடமின்றி மறைந்தனர். “ஆறு செய்ததையும் தாள் செய்ததையும் பிரித்துப் பாருங்கள்” என்றார் அவர். மூடுபனிப் பத்தியை அன்றிரவே நீக்கினேன்.

ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர் ஐயா அவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆங்கிலேயப் பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புருனெல் வடிவமைத்த இப்பாலத்தின் நடு இடைவெளி ஏறத்தாழ 206 மீட்டர். இத்தாலியப் பாணியில் எழுந்த இரு செங்கல் கோபுரங்களின் அழகை மட்டுமே நான் வருணித்திருந்தேன். அவரோ கோபுர உச்சிகளுக்கிடையே நேர்கோடு வரையச் செய்து, சங்கிலி எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்கச் சொன்னார். தாழ்வு குறையக் குறையச் சங்கிலி தாங்கும் இழுவிசை கூடும். இருபுறத்து இழுப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், கோபுரத்தின் மேல் பெரும்பாலும் கீழ்நோக்கிய எடையே இறங்கும். அதன் பிறகு அக்கோபுரங்களை வெறும் அலங்காரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

பழைய வரைபடங்களைப் பொறுமையுடன் எடுத்துத் தந்த நூலகப் பணியாளர்களுக்கும் நன்றி. தேம்ஸின் வடகரையிலுள்ள விக்டோரியா கரைச்சுவர் 1860களில்தான் எழத் தொடங்கியது; படத்தில் உள்ளது அதற்கு முந்தைய ஆற்றங்கரை என்பதை அவ்வரைபடங்கள் தெளிவாக்கின. வரைவில் ‘வடம்’ என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் ‘சங்கிலி’ என்று திருத்திய என் தமக்கையாருக்கும் கடமைப்பட்டுள்ளேன். இரும்புப் பட்டைகளை ஊசியாணிகளால் கோத்த அமைப்புக்கு அதுவே பொருந்தும் சொல்.

நிறைவாக, பிரிஸ்டலில் வாழும் தோழிக்கு. 1845 மே 1 அன்று திறக்கப்பட்ட ஹங்கர்ஃபோர்டு நடைபாலம், ரயில் பாலத்துக்கு வழிவிட்டு 1860இல் அகற்றப்பட்டது. அதன் சங்கிலிகள், புருனெல் மறைந்தபின் 1864இல் பிரிஸ்டலில் திறக்கப்பட்ட கிளிஃப்டன் தொங்கு பாலத்தில் சேர்ந்தன. என் வேண்டுகோளுக்காக அவர் மழையில் அங்கு சென்று, சங்கிலி கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கிவரும் நடுப்பகுதியில் நின்று, எனக்கொரு படம் எடுத்து அனுப்பினார். அதை டால்பட்டின் படத்துக்கு அருகில் வைத்தே கட்டுரையை எழுதி முடித்தேன்.

நன்றியுடன்,
கட்டுரையாளர்